முன் அறைக் காபி

போன வாரம் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். இளைஞர்களுக்கு நிதியுதவி செய்கிற ஏதோ ஒரு நிறுவனத்தில் வேலை. கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். பயிற்சிக்கு முன்னால் தன்னம்பிக்கை எவ்வளவு, பயிற்சிக்குப் பின்னால் எவ்வளவு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிட வேண்டுமாம். "உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி மேடம் அளந்தீங்க?" என்று கேட்டாள்.

"காபி போட்டு அளந்தோம்" என்றேன்.

கிழவிக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பாள். மரியாதைக்குச் சிரித்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கிளம்பிவிட்டாள். அவள் போனதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் நாலு வரிக்கு ஒருதரம் எழுந்துவிடுகிறேன். நான் சொன்னது விளையாட்டுப் பேச்சு இல்லை. முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும், அந்த நேரத்துக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வாரிசு இல்லாத ஒரு மனிதர் எழுதி வைத்துவிட்டுப் போன சொத்தின் வருமானத்தில் நடந்த தர்ம நிதியம். பெயர் இங்கே வேண்டாம், இப்போது அது இல்லை. ஜில்லாவில் எங்கே இளவட்டங்கள் சேர்ந்து ஒரு தொழில் கற்க ஆசைப்பட்டாலும் கருவி வாங்கவும், சொல்லிக் கொடுப்பவருக்குச் சம்பளம் தரவும் வருஷா வருஷம் மானியம் கொடுப்போம். தையல், டைப்ரைட்டிங், ரேடியோ ரிப்பேர், மோட்டார் கட்டுவது, இப்படி. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, சமூகக் கல்வி என்று ஒரு பயிற்சியும் பெற்றிருந்தேன். அந்தப் பயிற்சியில் கற்ற எதுவும் வேலைக்கு உதவவில்லை, ஆகவே அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் வாடகை வீடு. காலையில் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டி வருவேன்.

எங்கள் செயலாளர் அருளப்பன் சார். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஆட்களை மேற்பார்க்கிற சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்று உயரம், வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம். எதிரில் யார் பேசினாலும் ஜன்னலுக்கும் அலமாரிக்குமாக நடந்துகொண்டேதான் கேட்பார். வந்தவர்களுக்குக் கழுத்து வலித்துவிடும். எனக்கு இப்போது இருக்கிற நடைவியாதி அவரிடமிருந்து தொற்றியதுதான் என்று என் வீட்டில் சொல்வார்கள்.

மானியம் கேட்டு வரும் மனுவை அவர் படிக்க மாட்டார். "இது வாத்தியார் எழுதினது. வாத்தியாருக்கா மானியம் குடுக்கப் போறோம்?" என்று ஓரமாக வைத்துவிடுவார். பெரும்பாலும் அது வாத்தியார் எழுதியதாகத்தான் இருக்கும். அவருக்கென்று வேறு ஒரு முறை இருந்தது.

அலுவலகத்தில் இரண்டு அறைகள். மனு போட்ட இளைஞர்கள் தனியாக வரவே மாட்டார்கள். கூடவே ஒரு பெரியவர் வருவார். அப்பா, மாமா, ஊர்த் தலைவர், யாராவது. "தம்பி உன் பேர் என்ன?" என்று கேட்டால் பெரியவர் பதில் சொல்வார். "என்ன படிச்சிருக்க?" என்றால் அதற்கும் அவரே. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஆகவே சார் செய்த முதல் ஏற்பாடு, பெரியவரை முன் அறையில் உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளை மட்டும் பின் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்துவது. அங்கே போனதும் சொல்வார்: "எனக்குத் தெரியாதது ஒண்ணு உனக்குத் தெரிஞ்சிருக்கும். அதை எனக்குச் சொல்லிக் குடு."

அவன் திகைத்து, திணறி, கடைசியில் ஏதாவது ஒன்றைப் பிடிப்பான். தூண்டிலில் புழு கோப்பது, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு முடிவது, எதுவானாலும் சரி. சார் உண்மையாகவே கற்றுக்கொள்வார். நடுவில் ஓர் இடத்தில் வேண்டுமென்றே தப்பாகச் செய்வார். அங்கேதான் பரீட்சை. சிலர் "சரிதாங்க ஐயா" என்பார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் அவர் கையிலிருந்து வாங்கித் தாங்களே செய்து முடித்துவிடுவார்கள். அபூர்வமாக ஒருவன் "அது தப்புங்க, பிரிங்க" என்பான்.

"பெரியவங்க தப்பாப் பண்றாங்கன்னு வாயைத் திறந்து சொல்ல முடிஞ்சவன் தொழில் கத்துக்குவான்" என்பார் சார். "மெஷின் யாரையும் பெரியவங்க சின்னவங்கன்னு பாக்காது பத்மா. தப்பாப் பண்ணினா கையை எடுத்துடும்."

சொல்ல முடியாதவர்களை அவர் துரத்திவிடவில்லை. போய்விட்டு இன்னொரு தரம் வா என்பார். சிலர் மூன்றாவது தரம் சொன்னார்கள்.

எனக்கும் இந்தப் பரீட்சை நடந்தது. வேலை கேட்டுப் போன அன்று அதே கேள்விதான். நான் கீழே போய் உதிரி மல்லிகை வாங்கி வந்து, வாழை நாரில் பூக் கட்டச் சொல்லிக் கொடுத்தேன். சார் காம்புகளை ஒரே பக்கமாக வைத்து, முடிச்சைத் தொளதொளவென்று விட்டு, ஒரு முழம் கட்டிக் காட்டினார். "நல்லாத்தான் வந்திருக்கு சார்" என்றேன். அவர் அதைத் தூக்கிப் பிடித்தார். பூ முழுக்க என் காலடியில் உதிர்ந்தது. வேலை கிடைக்காது என்று நினைத்துப் பையை எடுத்தேன். "இரும்மா. பெரியவங்க மனசு நோகாமப் பேசற ஆள் எனக்கு ஒண்ணு வேணும். உனக்கு முன் ரூம்" என்றார்.

அதாவது, பரீட்சையில் தோற்றதற்காக எனக்கு வேலை கிடைத்தது. அந்த நினைப்பு ரொம்ப நாள் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

முன் அறை வேலை இதுதான்: கதவு திறக்கும் வரை பெரியவரை எழுந்திருக்க விடக்கூடாது. ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு பில்டர், டவரா டம்ளர்கள். முதலில் பால் காய்ச்சுவேன். நிதானமாகத்தான் காய்ச்சுவேன். டிகாக்ஷன் இறங்கவில்லை என்பேன். மழை எப்படி, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, பெண்ணுக்கு வரன் வந்ததா என்று விசாரிப்பேன். அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டுவேன். தலையாட்டுகிற ஆள் கிடைத்தால் மனிதர்கள் எதையும் சொல்லிவிடுவார்கள். மானியத்தில் எவ்வளவு தனக்கு ஒதுங்கும் என்று கணக்குப் போட்டதைக்கூட ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் அதற்கும் தலையாட்டிவிட்டு, சாயங்காலம் சாரிடம் சொன்னேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண், ரங்கநாயகி என்று வைத்துக்கொள்ளுங்கள், டைப்ரைட்டிங் வகுப்புக்கு மனு போட்டு வந்தாள். கூட அவள் அப்பா. பெண்ணை உள்ளே அனுப்பியதும் அவருக்கு நெருப்பின் மேல் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது.

"குழந்தை லோகம் தெரியாதவ. உள்ள என்ன கேக்கறா? அடியேன் பக்கத்துல இருந்தா தேவலை" என்றார்.

"காபி தரட்டுமா மாமா?"

"வெளியில தீர்த்தம்கூட ஆகாது எனக்கு."

இந்த மாதிரி ஆசாரக்காரர்களுக்காக அலமாரியில் பூவன் பழம் வைத்திருப்பேன். பழத்துக்குத் தோஷமில்லை. தோலை உரித்து, கொஞ்சம் கொஞ்சமாக விண்டு வாயில் போட்டுக்கொண்டு, பெருமாள் புறப்பாட்டைப் பற்றி அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். உள்ளே ரங்கநாயகி தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து சாருக்குக் கோலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சார் ஒரு புள்ளியை விட்டுவிட்டுக் கோட்டை இழுத்தார். அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. முகமெல்லாம் வேர்த்துவிட்டதாம். மெதுவாகக் காலை நீட்டி, அவர் போட்ட கோட்டைக் கால் விரலால் அழித்துவிட்டாள்.

கதவைத் திறந்துகொண்டு வந்த சாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வாய் சொல்லலை பத்மா, கால் சொல்லிடுச்சு. குடுத்துடலாம்" என்றார். அவள் பிற்பாடு ஜங்ஷன் பக்கத்தில் ஒரு பெரிய ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள்.

என் முன் அறைக்கு ஒரு பெருமை உண்டு. எத்தனையோ பெரியவர்கள் கோபமாக வந்திருக்கிறார்கள், சாதிப் பெயர் சொல்லிக் கத்தியவர்கள் உண்டு. ஆனால் காபியையோ பழத்தையோ தொடாமல் எழுந்து போனவர் அதுவரை ஒருவர்கூடக் கிடையாது. சார் பின் அறையிலிருந்து வந்ததும் முதலில் டம்ளரைத்தான் பார்ப்பார். காலியாக இருந்தால் எல்லாம் சுமுகம் என்று அர்த்தம்.

இனி முசிறி விஷயம். இங்கே வந்ததும் கை ஓட மாட்டேன் என்கிறது. ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

அது அறுபதுகளின் பின்பாதி. முசிறிக்குப் பக்கத்தில் ஒரு காவிரிக் கரை ஊர். வாழையும் நெல்லும். கிராமங்களுக்குக் கரண்ட் வந்து, பம்புசெட் வந்து, கையோடு மோட்டார்கள் எரியவும் தொடங்கியிருந்த காலம். எரிந்த மோட்டாரை பஸ் மேல் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுவந்து, உள்ளே எரிந்துபோன கம்பிச்சுற்றைப் புதிதாகக் கட்டி வாங்கிப் போவதற்குள் பயிர் வாடிவிடும். அந்த ஊர் இளைஞர்கள் சிலர் மோட்டார் கட்டக் கற்றுக்கொள்ள மானியம் கேட்டார்கள். அவர்களுக்குத் தலைவன் தங்கவேல்.

எனக்குத் தங்கவேலைப் பிடிக்காது. எண்ணெய் வழிய ஏற்றிச் சீவிய தலை, ஓடாத ஒரு கைக்கடிகாரம், எதிரில் இருப்பவரை மேலிருந்து கீழே பார்க்கிற பார்வை. பின் அறையில் அவன் சாருக்கு வாழை இலையில் தொன்னை தைக்கச் சொல்லிக் கொடுத்தான். சார் மடிப்பை மாற்றிப் போட்டதும், இமை கொட்டாமல், "தப்பு. பிரிங்க. இவ்வளவு பெரிய விரலை வச்சுக்கிட்டு ஏன் அவசரப்படறீங்க?" என்றானாம். சாருக்கு அன்று முழுக்க சந்தோஷம். எனக்கு எரிச்சல்.

எங்கள் மானியத்துக்கு ஒரு விதி உண்டு. உள்ளூரில் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு, வகுப்பு நடத்த இடமும் தர வேண்டும். அவர் விலகினால் மானியம் நின்றுவிடும். அந்த ஊரில் பொறுப்பேற்றவர் ரெத்தினம் ஐயா. ஊரிலேயே அதிக நிலம் அவருக்குத்தான். தன் பம்புசெட் பக்கத்திலிருந்த கொட்டகையை ஒரு பைசா வாடகை இல்லாமல் கொடுத்தார். அதிர்ந்து பேச மாட்டார். அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சீப்புப் பழம் கொண்டுவருவார். உண்மையைச் சொன்னால், அவரைத்தான் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் வருஷம் நன்றாகப் போயிற்று. பையன்கள் அக்கம்பக்கத்து மோட்டார்களையெல்லாம் கட்டத் தொடங்கினார்கள். இரண்டாம் வருஷம் ரெத்தினம் ஐயாவின் சொந்த மோட்டார் எரிந்து, இவர்களே கட்டிக் கொடுத்தார்கள். சில நாளில் அது மறுபடி எரிந்தது. கொட்டகை வாசலில் நாலு பேர் நிற்கும்போது, "பசங்க கட்டின கட்டு இவ்வளவுதான்" என்று அவர் சொல்லியிருக்கிறார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

தங்கவேல் நேராகப் போய் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தான். தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃப்யூஸில் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். கரண்ட் அளவுக்கு மீறி இழுத்தால் அந்தக் கம்பி உருகி அறுந்து மோட்டாரைக் காப்பாற்றும். வோல்டேஜ் இறங்குகிற காலத்தில் அது அடிக்கடி போகும். சலித்துப்போன சிலர் அந்த இடத்தில் வேலிக்கு முறுக்குகிற கட்டுக்கம்பியை வைத்துவிடுவார்கள். கட்டுக்கம்பி உருகாது, மோட்டார்தான் உருகும். ரெத்தினம் ஐயாவின் பெட்டியில் இருந்தது கட்டுக்கம்பி. தங்கவேல் அதை உருவித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "இதை யாரு வச்சதுன்னு வச்சவங்களுக்குத் தெரியும்" என்றான். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மறுநாள் கொட்டகைக்குப் பூட்டு. ஐயா சொல்லி அனுப்பினார்: அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால், கட்டினதில்தான் தப்பு என்று ஒத்துக்கொண்டு தங்கவேல் காலில் விழ வேண்டும். இல்லாவிட்டால் அவர் பொறுப்பிலிருந்து விலகிவிடுவார்.

விழுந்தால் கொட்டகை திறக்கும், மானியமும் வரும். ஆனால் கட்டத் தெரியாதவர்கள் என்று தாங்களே ஒத்துக்கொண்ட பையன்களிடம் அதற்குப் பிறகு எவன் மோட்டாரைக் கொண்டுவருவான்? விழாவிட்டால் வகுப்பே இல்லை. இது போதாதென்று இன்னொரு சிக்கல். தங்கவேலின் அப்பா சின்னையா குத்தகைக்கு வாழை போட்டிருந்தது ரெத்தினம் ஐயாவின் நிலத்தில்.

சார் எல்லோரையும் திருச்சிக்கு வரச் சொன்னார். அவர்கள் வருவதற்கு முதல் நாள் நான் அவர் பின்னாலேயே அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன சார் குறைஞ்சு போயிடும்? இடம் குடுத்த மனுஷன்."

"கட்டினது சரியா தப்பா?"

"சரின்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

"அப்புறம் எதுக்குத் தப்புன்னு சொல்லணும்?"

"அவன் அப்பா பிழைக்கணுமே சார்."

சார் ஜன்னல் பக்கம் திரும்பினார். இன்னும் இரண்டு நடை கூடுதலாக நடந்தார்.

மறுநாள் மத்தியானம் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஐயா முன் சீட்டில் வந்திருக்கிறார், அப்பனும் மகனும் பின்னால். தங்கவேலை சார் பின் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். ரெத்தினம் ஐயா பெஞ்சில் உட்கார்ந்தார். சின்னையா தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

"உட்காருங்க" என்றேன்.

"இருக்கட்டும் தாயி."

இரண்டு டம்ளர் காபி போட்டேன். ஒன்றை ஐயா கையில் கொடுத்தேன். அவர் பெஞ்சில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இன்னொன்றை சின்னையாவிடம் நீட்டினேன். அவர் வாங்காமல் ஐயாவைப் பார்த்தார். நான் ஜன்னல் கட்டையில் வைத்தேன். நிலத்துக்காரர் எதிரில் நின்றுகொண்டுகூட அவர் குடிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வைத்தேன்.

ஐயா எப்போதும்போல் இதமாகத்தான் பேசினார். ஆற்றில் தண்ணீர் குறைவு, இந்தத் தடவை வாழைத் தார் சிறுத்துவிட்டது என்றார். நான் தலையாட்டினேன். திருவெறும்பூரில் பெரிய தொழிற்சாலை வந்ததிலிருந்து பையன்கள் யாரும் வயலில் குனிவதில்லை என்றார். அதற்கும் தலையாட்டினேன். அப்புறம் சொன்னார்:

"நீங்களே சொல்லுங்கம்மா. ஃப்யூஸ் ஒரு நாளைக்கு எத்தனை தரம்தான் போகும்? தண்ணி பாய்ச்ச வேண்டாமா? கட்டுக்கம்பியை எடுத்துப் போட்டேன். ஊர்ல எல்லாரும் போடறதுதான். அதுக்காக ஒரு சின்னப் பய அதைத் தூக்கிக் காட்டுறதா?"

என் தலை ஆடுவதற்காகக் காத்திருந்தார். எத்தனையோ பேருக்கு ஆடிய தலை. அன்றைக்கு ஆடவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்ட மாதிரி நின்றுவிட்டது.

அவர் அதைக் கவனிக்கவில்லை. "நீங்க உள்ள போய்ச் சொன்னா கேப்பான். கட்டினதுல தப்பாயிடுச்சுன்னு ஒரே வார்த்தை. நான் பூட்டைத் திறந்து விட்டுடறேன்" என்றார்.

"ஆமா தாயி, சொல்லுங்க" என்றார் சின்னையா சுவரோரமிருந்து. "விழச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறான்."

எழுந்து கதவுவரை போனேன். தட்டினால் போதும். தட்டியிருந்தால், அவ்வளவு நாள் பழகிய வாயால் தங்கவேலை வழிக்குக் கொண்டுவந்திருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கையை எடுத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஐயா, அந்தக் கம்பியை வச்சது நீங்கதானா?"

"நான்தான். அதான் சொன்னேனே."

"அப்ப மோட்டார் எரிஞ்சது அதனாலதாங்க. பையன் கட்டினதுல தப்பு இல்லை. தப்பு உங்க பேர்லதான் இருக்கு."

அது என் குரல் மாதிரியே இல்லை. அவர் கோபப்படவில்லை. அந்த அறையில் இருந்த ஸ்டவ்வோ பில்டரோ பேசியதுபோல் என்னைப் பார்த்தார். "உங்களை நல்ல மாதிரின்னு நினைச்சிருந்தேன்ம்மா" என்றார். எழுந்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு மாடிப்படி இறங்கினார். அவருடைய காபி பெஞ்சில் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் விலகிவிட்டார், கொட்டகை போயிற்று. பின் அறையில் தங்கவேல் சாரிடம், "தூக்கிக் காட்டினது தப்பு சார், கட்டினது தப்பு இல்லை" என்று சொல்லியிருக்கிறான். அதையே போய் ஐயா வீட்டு வாசலில் நின்று சொன்னான். அவர் வெளியே வரவில்லை. கொஞ்ச காலம் வகுப்பு நடக்கவில்லை. பையன்களில் சிலர் திருவெறும்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள். அப்புறம் முசிறியில் அரிசி மில் வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் மில்லின் ஓரத்தில் இடம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டார். "எங்க மில் மோட்டாரும் இவனுங்க கட்டினதுதான். இன்னி வரைக்கும் ஓடுது. கட்டத் தெரியாதுன்னு அன்னிக்கு ஒத்துக்கிட்டிருந்தானுங்கன்னா நான் எதுக்கும்மா வரப்போறேன்?" என்றார். தங்கவேல் பிற்பாடு முசிறி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சொந்தக் கடை போட்டான். இப்போதும் அவனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

ஆனால் வாழைத் தார் வெட்டி முடிந்ததும் ரெத்தினம் ஐயா குத்தகையை எடுத்துக்கொண்டார். சின்னையா முசிறிச் சந்தையில் வேறு ஆட்களின் தாரை லாரியில் ஏற்றிக் கூலி வாங்கினார். தாரைத் தலையில் வைத்துக்கொண்டு பலகையில் ஏறுவதை ஒரு தரம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். இறங்கிப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் சாரிடம் போய், "நான் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் சார்" என்றேன்.

"நீ சொன்னது தப்பா?"

"இல்லை சார். ஆனா சொன்னது நான், விலை குடுக்கறது அவரா இருக்காரே."

நடந்துகொண்டிருந்த சார் நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யார் சொன்னதற்கு யார் விலை கொடுப்பது என்ற அந்தக் கேள்விதான் இத்தனை வருஷமாக என்னை உட்கார விடாமல் நடக்கவைக்கிறது. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடச் சொல்லும் அந்தப் பெண்ணின் தாளில் நான் யாருக்கு வட்டமிடுவேன்? தங்கவேலுக்கா, எனக்கா, சின்னையாவுக்கா?

மனசு கொஞ்சம் அடங்க வேண்டுமென்றால் நான் அந்த மத்தியானத்துக்குத்தான் திரும்பிப் போவேன். அதில் ஒன்றை இன்னும் சொல்லவில்லை.

ரெத்தினம் ஐயா பாதிப் படி இறங்கி, திரும்பிப் பார்க்காமல், "சின்னையா, வா" என்றார். சின்னையா அசையவில்லை. செருப்புச் சத்தம் கீழே போய்த் தெருவில் கரைந்தது.

"போங்க, கூப்பிடறாரு" என்றேன்.

அவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஜன்னல் கட்டையிலிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் ஓரமாகத்தான் உட்கார்ந்தார். அப்புறம் நகர்ந்து நடுவில் உட்கார்ந்தார். காபி ஆறி மேலே ஆடை படிந்திருந்தது. அண்ணாந்து, நிறுத்தாமல், முழுக்கக் குடித்தார்.

அப்போது பின் அறைக் கதவு திறந்தது. சார் வழக்கம்போல் டம்ளரைப் பார்த்தார். ஒன்று காலி, ஒன்று நிறைய இருந்தது.

"யாரு குடிக்காமப் போனது?"

"ரெத்தினம் ஐயா சார்."

"நீ என்ன சொன்ன?"

சொன்னதைச் சொன்னேன். சார், "நாளையிலேருந்து உனக்குப் பின் ரூம். முன் ரூமுக்கு வேற ஆள் பாக்கணும்" என்றார்.

அவருக்குப் பின்னால் தங்கவேல் நின்றுகொண்டிருந்தான். தோளில் துண்டோடு பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்த தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்னையா அவனைப் பார்க்கவில்லை. காலி டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"ஆறிப் போயிருந்திச்சு தாயி. சூடா இன்னொண்ணு கிடைக்குமா?"

ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். முன் அறையில் நான் போட்ட கடைசிக் காபி அதுதான்.